சத்தம் போட்டுக் காற்றை அளப்பது: சோடார் பார்க்கப் போகிறவர்களுக்கு

கோயில் கொடை சீசனில் ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால், இரண்டு ஊர் தாண்டி நடக்கிற வில்லுப்பாட்டு வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். அதே குழாய் ஸ்பீக்கர் மத்தியானம் 12 மணிக்குப் பாடினால் ஊர் எல்லையைத் தாண்டாது. சவுண்ட் சர்வீஸ்காரர் ராத்திரியில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார் என்று திட்டுவோம். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. வெயில் நேரத்தில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். அப்போது சத்தம் மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். ராத்திரி தரை குளிர்ந்ததும் கணக்கு தலைகீழாகிறது. மேலே இருக்கிற சூடான காற்று சத்தத்தை வளைத்துத் தரைக்கே திருப்பி விடுகிறது.

காற்று இருக்கிற மாதிரிதான் சத்தம் போகும். அப்படியானால் சத்தம் போய் வந்த விதத்தை வைத்து, மேலே காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்கான கருவிதான் சோடார். "ராதாபுரம் சைட்டுக்குப் போய் சோடாரைப் பார்த்துக்கொள்" என்று அனுப்பப்படுகிற புதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். காற்றாலைகள் நிறைந்த கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் சில காற்று சீசனை இந்தப் பெட்டிகளோடு கழித்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

பார்க்க ஒரு பெரிய குப்பைத் தொட்டி மாதிரி இருக்கும். அடியில் தட்டையான பலகையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள். சுற்றிலும் பஞ்சு ஒட்டிய தடுப்பு. இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை மேல்நோக்கி "கீச்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அதே ஸ்பீக்கர்களையே மைக்காக மாற்றிக்கொண்டு காது கொடுத்துக் கேட்கும். சத்தம் பெரும்பாலும் 1,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதாவது நம் காதுக்கு நன்றாகவே கேட்கும்.

வானத்தில் சுவரா இருக்கிறது, எதிரொலி வர? சுவர் இல்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் சின்னச் சின்னச் சுழிகள் இருக்கின்றன. அடுப்பிலிருந்து எழும் சூட்டில் எதிரே இருப்பவர் முகம் நெளிந்து தெரியுமே, அந்த நெளிவுதான். சத்தத்தின் அலைநீளத்தில் பாதி அளவுள்ள சுழிகள்தான் அதை வந்த வழியே நன்றாகத் திருப்பும். 2,000 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 17 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, ஒரு சாண் கூட இல்லாத சுழிகளைத்தான் நாம் தேடுகிறோம். நேர் எதிரே திரும்பி வரும் எதிரொலி வெப்ப வித்தியாசத்தால் மட்டுமே உண்டாகிறது என்பதை இப்போதே மனதில் வாங்கி வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜான் டிண்டல். 1870களில் இங்கிலாந்தில் டோவர் பக்கத்துக் கடலோரத்தில், பனிமூட்டத்தில் கப்பல்களுக்கு ஊதும் சங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றுமே இல்லாத தெளிந்த வானத்திலிருந்து எதிரொலி வருவதைக் கேட்டார். 1946இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் இதைக் கருவியாகச் செய்து பார்த்தார்கள். 1968இல் ஆஸ்திரேலியாவின் மெக்கலிஸ்டர் எதிரொலிகளைத் தாளில் படமாகவே வரைந்து காட்டிய பிறகுதான் சூடு பிடித்தது. நம் நாட்டில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் 1970களிலேயே இதில் இறங்கிவிட்டது. சரி, வரலாறு போதும்.

கருவியைத் தொடும் முன் இரண்டு சின்னச் சோதனை

முதலாவது: ஊர்ப் பள்ளிக்கூடத்தின் நீண்ட சுவருக்கு எதிரே 85 மீட்டர் தள்ளி நின்று கைதட்டுங்கள். அரை விநாடிக்குள் எதிரொலி வரும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் சத்தம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும்; போக 85, வர 85. சோடாரும் உயரத்தை இப்படித்தான் கணக்கிடுகிறது. 200 மீட்டர் உயரத்திலிருந்து பதில் வர 1.14 விநாடி.

இரண்டாவது: நான்குவழிச் சாலையில் வள்ளியூர் பக்கம் ஓரமாக நின்று, ஹாரன் அடித்துக்கொண்டே போகும் பஸ்ஸைக் கேளுங்கள். வரும்போது கீச்சென்றும், நம்மைத் தாண்டியதும் கம்மியும் ஒலிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ்ஸின் 1,000 ஹெர்ட்ஸ் ஹாரன், வரும்போது 1,050 ஆகவும் போகும்போது 955 ஆகவும் கேட்கும். இதுதான் டாப்ளர் விளைவு. சோடாரில் பஸ்ஸுக்குப் பதில் காற்றோடு மிதந்து போகும் சுழி.

சோடார் ஒரு கீச்சை நேர் மேலேயும், இரண்டை 20 டிகிரி வாக்கில் சாய்த்து வேறு வேறு திசையிலும் அனுப்பும். நேர் மேலே போனது காற்றின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும்; சாய்ந்தவை கிடைமட்ட வேகத்தைச் சொல்லும். காற்று விநாடிக்கு 10 மீட்டர் வீசினால், 20 டிகிரி சாய்ந்த கீச்சின் போக்கில் அதில் 3.4 மீட்டர்தான் தெரியும். 2,000 ஹெர்ட்ஸில் அனுப்பிய சத்தம் 2,039 ஆகவோ 1,961 ஆகவோ திரும்பும். அந்த 39 ஹெர்ட்ஸ்தான் நம் பிழைப்பு.

இடம் பார்ப்பது

இதில் அவசரப்பட்டால் மூன்று மாதம் வீண். பலரும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நேரே டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் வெறும் கையோடு போங்கள். விடிகாலை, மத்தியானம், அந்தி, நடுராத்திரி என்று நான்கு வேளையும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். கையில் போன் இருந்தால் சத்தத்தை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது.

என்ன கேட்கும் என்கிறீர்களா? பம்ப்செட் மோட்டார். நான்குவழிச் சாலையில் லாரி. பக்கத்துக் காற்றாலையின் இறக்கை வீச்சு. விடிகாலை மயில், நம் பக்கத்தில் மயிலுக்குப் பஞ்சமே இல்லை. அந்தி சாய்ந்ததும் சில்வண்டு. சில்வண்டுதான் முக்கியமான எதிரி. அது கத்துவது பெரும்பாலும் 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம். உங்கள் சோடார் 4,500இல் வேலை செய்யும் சின்ன வகை என்றால் இரண்டும் ஒரே பாட்டைப் பாடும். ராத்திரி முழுக்க 60 மீட்டருக்கு மேல் ஒன்றும் வரவில்லை என்று கருவியைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்துப் புதரை வெட்டுங்கள், அல்லது பெட்டியைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது பனை. சத்தம் நேர் மேலே மட்டும் போவதில்லை, கொஞ்சம் பக்கவாட்டிலும் கசியும். கசிந்தது பனையிலோ கோபுரத்திலோ பட்டுத் திரும்பினால், அசையாத பொருளின் எதிரொலி என்பதால் "காற்று வேகம் பூஜ்யம்" என்று கருவி நம்பிவிடும். ராதாபுரத்துக்குக் கிழக்கே செம்மணல் பரந்த தேரிக்காட்டு ஓரம் ஒரு இடத்தில் என் முதல் வார வரைபடம் இப்படித்தான் வந்தது. 40 மீட்டர் உயரத்தில் காற்று விநாடிக்கு 7 மீட்டர், 60 மீட்டரில் 8, அப்புறம் 80 மீட்டரில் திடீரென்று 5, மறுபடி 100 மீட்டரில் 9. காற்று இப்படி நடுவில் பள்ளம் விழுந்து வீசாது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். வடக்கே ஏழு பனை ஒரே வரிசையில், சரியாக 82 மீட்டரில். சாய்ந்த கீச்சு அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெட்டியை 30 டிகிரி வலப்பக்கம் திருப்பி வைத்ததும் பள்ளம் போய்விட்டது. ஆனால் திருப்பிய கோணத்தை கம்ப்யூட்டரில் மாற்ற மறந்துவிட்டேன். நேர் மேற்கிலிருந்து 270 டிகிரியில் வீசிய கச்சான் காற்று, நான்கு நாள் 240 டிகிரியிலேயே பதிவானது. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை; நிலத்துக்காரர். "கச்சான் அங்கன இருந்து எப்ப தம்பி வந்துச்சு?" என்று திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

பனை, கட்டடம், காற்று அளக்கும் கம்பம் எதுவானாலும், அதன் உயரத்துக்குக் குறையாத தூரம் தள்ளியிருங்கள். 100 மீட்டர் கம்பம் என்றால் 100 மீட்டருக்கு மேல் தள்ளி. சாய்ந்த கீச்சுகள் கம்பம் இல்லாத பக்கம் போகட்டும்.

மலை அடிவாரம் இன்னொரு சிக்கல். மூன்று கீச்சும் வானத்தில் ஒரே இடத்தைத் தொடுவதில்லை. 100 மீட்டர் உயரத்தில் சாய்ந்தது நேர்க்கீச்சிலிருந்து 36 மீட்டர் விலகிப் போய்விடும். மூன்று இடத்திலும் காற்று ஒன்றுதான் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. தேரிக்காட்டில் அது சரி. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலோ மகேந்திரகிரி அடிவாரத்திலோ, மலை வளைத்துவிட்ட காற்றில் அது சரியாகாது. அங்கே கம்பம் இல்லாமல் சோடாரை மட்டும் நம்பாதீர்கள்.

கடைசியாக, மனிதர்கள். அரைக் கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். கிடை போட வந்த ஒரு கோனார் தாத்தா மூன்றாம் நாள் என்னிடம் வந்தார். "இது என்ன பட்சி தம்பி, ராவு முச்சூடும் ஒரே மாதிரி கத்திக்கிட்டு கெடக்கு? ஒரு மூச்சு மாத்திக் கத்தக்கூடாதா?" பெட்டியைக் காட்டி விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "காத்த அளக்கதுக்கா இவ்வளவு? என்னட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேனே" என்றார். அந்த வாரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

நிறுத்துவது

தேரி மணலில் அப்படியே வைத்தால் ஒரு பக்கம் இறங்கிவிடும். நான்கு மூலைக்கும் கான்கிரீட் பலகை போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலும் விநாடிக்கு 10 மீட்டர் வீசும் காற்றில், மேல்நோக்கிய வேகத்தில் 0.17 மீட்டர் பொய் சேரும். கிடைமட்ட வேகம் மட்டும் வேண்டுமென்றால் பரவாயில்லை. கொந்தளிப்பு, அதாவது காற்றின் அலைச்சலை, அளக்க வந்தவருக்கு அது பெரிய பொய். வாரம் ஒருமுறை ரசமட்டம் வையுங்கள், மழைக்குப் பிறகு கட்டாயம்.

வடக்கைத் திசைகாட்டியில் பாருங்கள். டிரெய்லரின் இரும்புக்குப் பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் நம் பக்கத்தில் இரண்டு டிகிரி அளவுக்குத்தான் வித்தியாசம்.

வெப்பநிலை அமைப்பைத் திறந்து பாருங்கள். சில கருவிகளில் கம்பெனியில் வைத்த 15 டிகிரியே கிடக்கும். அது சத்தத்தின் வேகத்தை 340 என்று எடுத்துக்கொள்ளும். இங்கே உண்மையில் 350. 100 மீட்டர் என்று அது காட்டும் இடம் உண்மையில் 103 மீட்டர். கடிகாரத்தையும் பாருங்கள். பக்கத்துக் கம்பம் இந்திய நேரத்திலும் சோடார் கிரீன்விச் நேரத்திலும் ஓடி, ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போன இரண்டு டேட்டாவை ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

சோலார் பேனலை ஆடிக் காற்றுக்குத் தாங்குகிற மாதிரி முளையடித்துக் கட்டுங்கள். சுற்றி முள்வேலி போடுங்கள். ஆடு பெட்டி மேல் ஏறும், பஞ்சை மேயும். தடுப்புக்குள் குளவி கூடு கட்டும், அணில் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு போகும். கருவி ஓடும்போது அதன் வாய்க்கு நேரே தலையை நீட்டாதீர்கள், காதுக்குக் கெடுதல். அணைத்துவிட்டு எட்டிப் பாருங்கள்.

முதல் நாள் படத்தைப் படிப்பது

எண்களுக்குப் போகும் முன் எதிரொலிப் படத்தைப் பாருங்கள். கீழே நேரம், பக்கத்தில் உயரம், எதிரொலி வலுவாக இருக்கும் இடம் கருப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். காலை பத்து மணிக்கு மேல் படம் முழுக்கப் புல் முளைத்த மாதிரி நெட்டுக்குத்தாகக் கோடுகள் எழும். சூடான காற்றுத் தூண்கள் அவை. அந்தி சாய்ந்த பிறகு தரையை ஒட்டிக் கம்பளம் விரித்த மாதிரி ஒரு பட்டை படியும். வில்லுப்பாட்டை நம் காதுக்குக் கொண்டுவந்த அதே அடுக்கு. மறுநாள் வெயில் ஏறியதும் அந்தக் கம்பளம் மெல்ல மேலே எழும்பி, கிழிந்து, காணாமல் போகும். இதை முதன்முதலாகத் திரையில் பார்த்த காலை, கையிலிருந்த டீ ஆறியதே தெரியவில்லை.

இரண்டுக்கும் நடுவில், அந்தியில் ஒரு அரைமணி நேரம் படம் வெளுத்துப் போகும். கருவி கெட்டுவிடவில்லை. மேலும் கீழும் சூடு சமமாகிவிடுகிறது. வெப்ப வித்தியாசம் இல்லை, அதனால் எதிரொலியும் இல்லை.

பிறகு எண்கள். மேல்நோக்கிய வேகத்தின் ஒரு நாள் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? உயரம் கூடக்கூடக் காற்று வேகம் வழவழவென்று கூடுகிறதா? திசை, கம்பத்தின் திசையோடு ஒத்துப்போகிறதா? மேல்நோக்கிய வேகம் திடீரென்று கீழ்நோக்கி 5, 6 மீட்டர் என்று காட்டினால், அது காற்றில்லை, மழைத்துளி விழுகிற வேகம். அந்தப் பதிவுகளைக் கழித்துவிடுங்கள். ராதாபுரம் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் காற்றுத்தான், மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்தத் தொல்லை.

கொந்தளிப்பு

பத்து நிமிடத்துக்குள் மேல்நோக்கிய வேகம் எவ்வளவு அலைகிறது என்ற திட்ட விலக்கம்தான் சோடாரில் நம்பத்தக்க கொந்தளிப்பு அளவு. வெயில் உச்சியில் அது விநாடிக்கு ஒரு மீட்டர் வரை போகும். அமைதியான ராத்திரியில் அதில் சின்னப் பங்குதான். ஒரு நாளைய ஏற்ற இறக்கத்தை வரைந்தாலே, ஒரு புகைபோக்கியின் புகை எப்போது கலைந்து போகும், எப்போது அடுக்குக்குக் கீழே தேங்கும் என்று சொல்லிவிடலாம். அணு உலை, அனல்மின் நிலையம் பக்கம் சோடாருக்கு மதிப்பு இருப்பது இதனால்தான்.

காற்றாலைக்காரர்கள் கேட்பது வேறு: கிடைமட்ட வேகத்தின் அலைச்சலைச் சராசரி வேகத்தால் வகுத்த எண். அதையும் சோடார் கொடுக்கும். நான் அதைக் கம்பத்தில் காற்றை அளக்கச் சுற்றும் கிண்ணங்களுக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. 100 மில்லிவிநாடி கீச்சு என்றால் கருவி ஒரே சமயத்தில் 17 மீட்டர் தடிமன் காற்றைச் சேர்த்துக் கேட்கிறது. அதற்குள் இருக்கும் சின்னச் சுழிகளெல்லாம் சராசரியில் கரைந்துவிடும். போதாததற்கு மூன்று கீச்சும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகின்றன. எதிரொலியின் பலத்திலிருந்து வெப்பக் கொந்தளிப்பைக் கணக்கிடும் வழியும் உண்டு. கருவியை முறையாக அளவீடு செய்யாமல் அதில் இறங்காதீர்கள்.

ஆடி மாதம்

காற்றைப் பார்க்கத்தான் இங்கே வருகிறோம். அந்தக் காற்று முழு வீச்சில் வரும்போதுதான் சோடாருக்குக் காது அடைத்துப்போகும். பெட்டியின் விளிம்பில் காற்று மோதும் இரைச்சல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பலத்த காற்று மேலையும் கீழையும் நன்றாகக் கலக்கிவிடுவதால் வெப்ப வித்தியாசம் குறைந்து எதிரொலியே மெலிந்துவிடும். முன்னால் மனதில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, டேட்டா பறந்துவிடும்.

பறப்பது எது என்பதுதான் விஷயம். ஒரு மணி நேரத்தில் ஆறு பதிவு என்று வையுங்கள்: 8, 9, 10, 13, 14, 12. சராசரி 11. அதில் வேகம் மிகுந்த 13உம் 14உம் இரைச்சலில் போய்விட்டால் மிச்சமுள்ள நான்கின் சராசரி 9.75. காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் கனத்தை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது என்பதால், ஒன்றேகால் மீட்டர் குறைந்ததில் சராசரி ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை, சொன்ன எல்லா எண்ணும் சரி. சொல்லாமல் விட்டதில்தான் கோளாறு.

அதனால் இடைவெளியைப் பக்கத்து எண்களின் சராசரியால் நிரப்பாதீர்கள். பதிவு விட்டுப்போன ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் கம்பத்தில் காற்று எவ்வளவு இருந்தது என்று தனியாக எடுத்துப் பாருங்கள். பதிவு வந்த நேரத்துக் காற்றைவிட அது கூடுதலாக இருந்தால், அந்த உயரத்துச் சோடார் சராசரியைத் தனியாக எங்கும் கொடுக்காதீர்கள். கம்பத்துக்கும் சோடாருக்கும் இரண்டும் பதிவான நேரங்களில் உள்ள விகிதத்தை மட்டும் எடுத்து, அதைக் கம்பத்தின் முழு டேட்டாவோடு பெருக்கிக்கொள்ளுங்கள். கம்பம் வேகங்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கும், பல சோடார்கள் திசையையும் சேர்த்துக் கூட்டும் என்பதால், சோடார் ஒன்றிரண்டு சதவீதம் குறைவாகக் காட்டுவது வழக்கம்தான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், 40, 60, 80 என்று உயரம் வாரியாக எத்தனை சதவீதம் பதிவு கிடைத்தது என்று மாதாமாதம் ஒரு அட்டவணை போடுங்கள். பக்கத்திலேயே சைட் நோட்டிலிருந்து காரணத்தையும் எழுதுங்கள்: 3ஆம் தேதி அம்மன் கோயில் கொடை, 11ஆம் தேதி பேட்டரி, 19 முதல் 24 வரை பலத்த காற்று. ஆடி மாதத்து 120 மீட்டர் வரியில் 40 சதவீதம் என்று வந்தால் வெட்கப்பட்டு அதை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒளிக்க வேண்டாம், முதல் பக்கத்திலேயே போடுங்கள்.